ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன், மகனுக்கு மட்டும் எடுக்கவில்லை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் சாய்ப்பில் நாலு வருடம் ஒரு பொருள் நின்றது. இரும்புக் குழாய், நீல நிற ரெக்சின் மெத்தை, மார்புக்கு ஒரு பெல்ட், முட்டிக்கு இரண்டு பட்டை. மழைக்காலத்தில் அதன்மேல் ஈரத்துணி போடுவோம். விலை 36,500 ரூபாய். கோத்தகிரியிலேயே விலை அதிகமான துணிக்கொடி எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும். அது நடக்க முடியாத பிள்ளைகளை நிற்க வைக்கும் ஸ்டாண்டிங் ஃபிரேம். 2020ல் சங்கிலியை அடகு வைத்து என் மகனுக்காக வாங்கினேன். அவன் அதில் மொத்தமாக நின்றது ஒரு மணி நேரம் இருக்குமா என்பதே சந்தேகம்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நான் தையற்காரி. பதினாலு வருடமாகப் பள்ளிச் சீருடையும் பிளவுஸும் தைக்கிறேன். கால் இஞ்சு பிசகினால் தோள் இழுக்கும் என்று தெரிந்தவள். எத்தனை பேர் "அளவு பிளவுஸ் கொண்டு வரல அக்கா, குத்துமதிப்பா தைங்க" என்று கேட்டாலும் முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் பெற்ற பிள்ளைக்கு ஒரு அளவுகூட எடுக்காமல், போனில் பேசி, முப்பத்தாறாயிரம் ரூபாயைக் கட்டினேன். கேட்க ஆள் இல்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மலையில் எங்கள் பக்கத்தில் இதே நிலையில் இருந்த இன்னொரு அம்மாவை எனக்கு அப்போது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகன் 2017ல் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். ஒரு வயது தாண்டியும் உட்காரவில்லை. ஒன்றரை வயதில் கோவையில் ஒரு பெரிய டாக்டர் மூளை முடக்குவாதம் என்றார், ஆங்கிலத்தில் சுருக்கமாக சிபி. இரண்டு கால்களிலும் இறுக்கம், கை ஓரளவு நன்றாக வேலை செய்யும். அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் மூடுபனி வந்தது, அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

முதல் தப்பு சின்னது. எல்லாரும் செய்கிற தப்பு. வட்டமாக இருக்குமே, நடுவில் துணி இருக்கை, கீழே சக்கரம், பிள்ளையை உள்ளே விட்டால் காலால் உந்தி ஓடும், அந்த வாக்கர். மேட்டுப்பாளையத்தில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அவனுக்கு ஒரே குஷி. வீடெல்லாம் சுற்றினான். நான்கு மாதம் கழித்து தெரபிக்குப் போனபோது அங்கே திட்டு விழுந்தது. இறுக்கம் உள்ள கால், அந்த வாக்கரில் நுனிக்காலால் உந்தி உந்தி இன்னும் இறுகிப் போகுமாம். குதிகால் தரையைத் தொடவே தொடாது. உடல் எடையும் காலில் இறங்காது, துணி இருக்கைதான் சுமக்கும். எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளுக்கே அது ஆபத்து என்று கனடாவில் 2004லேயே விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் மாதிரி வாசலைத் தாண்டினால் படிக்கட்டு என்கிற இடத்தில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. உங்கள் வீட்டில் இருந்தால் யாருக்கும் கொடுக்கக்கூட வேண்டாம், சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஏஎஃப்ஓ. முட்டிக்குக் கீழே தொடங்கி பாதம் வரை வரும் பிளாஸ்டிக் கவசம். ஷூவுக்குள் போடுவது. பாதத்தையும் கணுக்காலையும் நேராகப் பிடித்து, குதிகாலைக் கீழே வைக்கும். காலில் மாவுக்கட்டு மாதிரி சுற்றி அச்சு எடுத்துச் செய்வார்கள். 2019 கடைசியில் ஒரு ஜோடிக்கு 7,500 ரூபாய் ஆனது. அச்சு எடுத்த அன்று அவன் அழுது காலை உதறிக்கொண்டே இருந்தான். எடுத்தவருக்கும் அவசரம். குதிகால் மேலே தூக்கிய நிலையிலேயே அச்சு காய்ந்துவிட்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போட்டால் கணுக்கால் எலும்பில் தோல் உரிந்துவிட்டது. திருத்தப் போனோம். மறுபடி போனோம். மொத்தம் ஐந்து நடை. ஒவ்வொரு முறையும் காலை ஐந்தரை பஸ், மேட்டுப்பாளையம் வரை முப்பத்துமூன்று கிலோமீட்டர் மலை இறக்கம், அவனுக்கு வாந்தி, அங்கிருந்து கோவை, மாலைக்குள் திரும்பினால் அதிர்ஷ்டம். பஸ், ஆட்டோ, சாப்பாடு என்று ஒரு நடைக்கு அறுநூறு ரூபாய், கூடவே கடை மூடிய நாளின் வருமானம் போச்சு. கடைசியில் அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாகச் செய்தோம்.

இதில் நான் கற்றதைச் சொல்கிறேன். அச்சு எடுக்கப் போகும்போது பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெம்பாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு ஆளைக் கூட்டிப் போங்கள், ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் கவனத்தைத் திருப்ப. முட்டியை மடித்து வைத்து, குதிகாலைக் கீழே இறக்கிப் பிடித்துத்தான் அச்சு எடுக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். கவசம் வந்த நாளில் அங்கேயே போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கழற்றிப் பார்த்தால் தோல் சிவந்திருக்கும், அது இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் இருந்தால், அதுவும் எலும்பு துருத்திய இடத்தில் இருந்தால், வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே சூடு காட்டித் தட்டித் தரச் சொல்லுங்கள். மலையில் இருந்து மறுபடி இறங்குவது யாருக்கு நஷ்டம்? முதலில் கணுக்கால் பட்டையை இறுக்க வேண்டும், அப்புறம்தான் மேல் பட்டை. மேலே முதலில் கட்டினால் குதிகால் உள்ளே ஏறிக்கொள்ளும். உள்ளே தையல் முடிச்சு இல்லாத பருத்தி சாக்ஸ். நான் சாக்ஸைத் திருப்பிப் போட்டுவிடுவேன், தையல் வெளிப்பக்கம் வந்துவிடும். முதல் நாளே நாள் முழுக்கப் போடக்கூடாது, ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் கூட்ட வேண்டும். ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டால் சரியாக இருக்கும். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டிய பொருள் இது. எங்களுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி ஆகிறது. தீபாவளிக்குப் புதுத்துணி மாதிரி அதையும் பட்ஜெட்டில் வைத்துவிட்டேன்.

சரி, துணிக்கொடி கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். கோவை தெரபி நின்றுபோனது. மூன்று மாதத்தில் அவன் கால் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தது. நிற்க வைத்தால் பின்னிக்கொள்ளும். நான் பயந்துபோனேன். நிற்கவே நிற்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டின் பந்து குழியை விட்டு மெல்ல வெளியே நகரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எலும்புக்கு எடை இறங்க வேண்டும், ஆடுதசைக்கு இழுப்பு கிடைக்க வேண்டும், மலச்சிக்கலுக்குக்கூட நிற்பது நல்லது என்றும் சொல்லியிருந்தார். தினம் நிற்க வைக்க வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் தலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. ராத்திரி செல்போனில் தேடி, ஒரு கடையின் எண்ணைப் பிடித்தேன். மறுமுனையில் பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "எத்தனை வயசு மேடம்?" "மூணு." "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே எடுத்துக்குங்க, பத்து வயசு வரைக்கும் வரும்." நானும் சீருடை தைக்க வருகிற அம்மாக்களிடம் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். சீருடையில் இரண்டு இஞ்சு உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். இரும்புக் குழாயை எங்கே மடிப்பது?

பார்சல் மேட்டுப்பாளையம் லாரி ஆபீஸ் வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவர 1,900. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பத்தொரு படி கீழே இறங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு அது. இரண்டு பேர் தூக்கி இறக்க 600. வாசலில் வைத்துப் பிரித்தோம். பிரித்த பிறகுதான் கதவு வழியாகப் போகவில்லை என்று தெரிந்தது. எங்கள் கதவு இருபத்தேழு இஞ்சு, ஃபிரேமின் அடிப்பாகம் இருபத்தொன்பது. சக்கரத்தைக் கழற்றி, சாய்த்து, நிலைப்படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அவனை நிறுத்திப் பார்த்தால் மார்புப் பட்டை கழுத்துக்கு வந்தது. முட்டிப் பட்டை தொடையில். கால் பலகைக்கு அடியில் கட்டையை வைத்து உயர்த்திப் பார்த்தேன். நிற்கவில்லை, மார்பு பெல்ட்டில் தொங்கினான். அவன் அழ, நானும் அழ, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக அச்சடித்திருந்ததை அப்போதுதான் படித்தேன்: குறைந்தபட்ச உயரம் 110 சென்டிமீட்டர். அன்றைக்கு அவன் உயரம் 91. போன் பண்ணினால், "பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம் மேடம், பில்லிலேயே போட்டிருக்கோமே" என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான்.

வாக்கர், முதல் ஜோடி கவசம், ஐந்து நடை, ஃபிரேம், வண்டிக்கூலி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 51,300 ரூபாய். நகை வட்டியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க மனசு வரவில்லை. பணத்தைவிட, அந்த ஒரு வருடம் போனதுதான் வலி. வீட்டில் அந்தப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்து, தெரபி என்றாலே ஒதுங்க ஆரம்பித்தேன். கையால் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் பாதி நாள் விட்டுவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2021 கடைசியில் வட்டார வள மையத்திலிருந்து ஒரு பிசியோ மேடம் வீட்டுக்கு வந்தார். அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டிலேயே பார்க்கச் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அங்கன்வாடியில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். அவர் ஃபிரேமைப் பார்த்தார், என் தையல் மெஷினைப் பார்த்தார், "டேப் இருக்குல்ல, எடுங்க" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அன்றைக்கு எடுத்த அளவுகளை நோட்டில் எழுதினேன், இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வரிசையில் எடுக்கிறேன். நாற்காலி என்றால், பிள்ளையை நேராக உட்காரவைத்து, புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடிக்க வேண்டும். அதில் இரண்டு விரல் கழித்தால் இருக்கையின் ஆழம். கழிக்காவிட்டால் இருக்கை விளிம்பு முழங்காலின் பின்னால் குத்தும், பிள்ளை வழுக்கி முன்னால் வந்து கூன் போடும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, கவசமும் ஷூவும் போட்ட நிலையில் எடுத்தால் கால் பலகையின் உயரம். பாதம் அந்தரத்தில் தொங்கினால் எந்த நாற்காலியும் வீண். இடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு விரல் சேர்த்தால் போதும். உட்காரும் இடத்திலிருந்து முழங்கை வரை எடுத்தால் முன்னால் வைக்கும் மேசைத் தட்டின் உயரம். பக்கத்தில் தாங்கும் பட்டை அக்குளுக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட வேண்டும், அக்குளை அழுத்தக் கூடாது. பெல்ட்டை வயிற்றில் கட்டக் கூடாது, தொடையும் இடுப்பும் மடிகிற இடத்தில் சாய்வாகக் கட்ட வேண்டும். நான் புடவை கொசுவம் செருகும் இடத்தில் கட்டிக்கொண்டிருந்தேன், அது தப்பாம். நிற்கும் ஃபிரேமுக்கு, படுக்க வைத்து, கவசத்தோடு, குதிகாலிலிருந்து முட்டி நடுப்பகுதி, இடுப்பு, மார்பு, அக்குள் என்று நாலு அளவு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக. கூடவே எடை. ஒருவர் பிடிக்க, ஒருவர் எடுக்க வேண்டும், இறுக்கம் உள்ள பிள்ளை டேப் பட்டதும் சுருட்டிக்கொள்ளும்.

அப்புறம் மேடம் சொன்னதுதான் எனக்குப் புதிது. "இப்ப வீட்டை அளங்க." கதவு அகலம், நிலைப்படி உயரம், சமையலறைக்குத் திரும்பும் மூலை, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம். ரோட்டிலிருந்து வாசல் வரை எத்தனை படி. பொருளை வைத்தால் மற்றவர்கள் சாப்பிட உட்கார இடம் இருக்குமா. பத்துக்குப் பதினாலு அடி அறையில், தினமும் நகர்த்தி வைக்க வேண்டிய சாதனத்தை மூன்றாம் வாரம் யாரும் நகர்த்த மாட்டார்கள் என்றார். அவர் சொன்னது அனுபவத்தில் சத்தியமான உண்மை.

நாற்காலியை நாங்கள் கடையில் வாங்கவில்லை. கீழ் லைனில் ஒரு ஆசாரி அண்ணன் இருக்கிறார். தேயிலைக்கு நிழல் மரமாக நிற்குமே சில்வர் ஓக், அந்தப் பலகையில் மூலை நாற்காலி ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு சுவர் சேருகிற மூலை மாதிரி முதுகுப் பக்கம் மடிந்திருக்கும், பிள்ளையின் தோள் தானாக முன்னால் வரும், கை நடுவில் வேலை செய்யும். நடுவில் காலைப் பிரித்து வைக்க ஒரு கட்டை, முன்னால் தட்டு. மெத்தையையும் உறையையும் நானே தைத்தேன். மொத்தம் 2,600 ரூபாய். ஒரே குறை, முதல் மழைக்கு அடிப்பலகை வளைந்தது. நன்றாகக் காய்ந்த பலகையா என்று பார்த்து, எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடிக்க வேண்டும், அடிப்பக்கத்தையும் சேர்த்து. கண்ணில் படாத பக்கம்தானே என்று விட்டால் ஈரம் அங்கிருந்துதான் ஏறும். நாற்காலி, சாய்வுப் பலகை, படுக்க வைக்கும் உருளை இவையெல்லாம் உள்ளூரில் செய்யலாம். கவசத்தையும் நிற்கும் ஃபிரேமையும் மட்டும் உள்ளூர் வெல்டிங் கடையில் செய்யச் சொல்லாதீர்கள். அது எலும்போடு விளையாடுவது.

"வளர்ந்த பிறகு அந்தப் பழைய ஃபிரேம் பொருந்தியிருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்த நம்பிக்கையில்தான் சாய்ப்பில் வைத்திருந்தேன். 2022ல் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, காலை இரண்டு பக்கமும் விரித்து நிற்கிற மாதிரி ஃபிரேம்தான் இவனுக்கு வேண்டும் என்றார்கள். பழையது இரண்டு பாதத்தையும் சேர்த்து நிறுத்துகிற வகை. உடம்பு அளவுக்கு வளர்ந்தான், தேவை அதற்குள் வேறாகிவிட்டது. பத்து வயது வரைக்கும் வரும் என்று வாங்குகிற பொருளில் இருக்கிற சிக்கல் இதுதான். புதியதை வாங்கும்போது கோவையில் செய்து கொடுப்பவரிடம் நேரில் போனேன். பாதி முன்பணம், செய்த பிறகு பிள்ளையை நிறுத்திப் பார்த்து மீதி. 85லிருந்து 115 சென்டிமீட்டர் வரை மாற்றலாம். 24,000 ரூபாய். நான் கேட்ட கேள்விகள்: எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை, எத்தனை கிலோ தாங்கும், பெல்ட்டும் மெத்தையும் கிழிந்தால் தனியாகக் கிடைக்குமா, கழற்றி மடக்கினால் என்ன அளவு, இருபத்தேழு இஞ்சு கதவில் போகுமா. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தார். அகலத்தை இருபத்தைந்தாக்கிக் கொடுத்தார்.

நடைக்கு வேறு கதை. எங்கள் ஊரில் சமதரை என்பது வீட்டுக்குள்ளும் பள்ளி மைதானத்திலும்தான். இந்தப் பிள்ளைகளுக்குப் பிடியும் கம்பியும் முதுகுப்பக்கம் இருக்கிற வாக்கர்தான் பெரும்பாலும் நல்லது என்கிறார்கள். முன்னால் தள்ளுகிறதைப் பிடித்தால் குனிந்தே நடப்பார்கள், இதை இழுத்து நடக்கும்போது நிமிர்வார்கள். பின் சக்கரம் பின்னோக்கி உருளாமல் ஒரு பூட்டு இருக்கும். எங்கள் மாதிரி இடத்தில் அது இல்லாமல் வாங்கவே கூடாது. ஆனால் அந்தப் பூட்டு ஏற்றத்துக்குத்தான் உதவும், இறக்கத்தில் முன்னால் ஓடும், அதற்குக் கூடவே ஆள் நடந்தாக வேண்டும். சின்னச் சக்கரம் ஜல்லியிலும் தளக்கல் இடுக்கிலும் மாட்டும். இந்த முறை நான் அவசரப்படவில்லை. மேடம் இரண்டு வாரம் இரவல் வாங்கிக் கொடுத்தார், பள்ளி வராந்தாவில் நடக்க வைத்துப் பார்த்த பிறகு, குன்னூரில் ஒரு அம்மாவிடம் அவர் மகளுக்குச் சிறிதாகிவிட்ட வாக்கரை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிடியின் ரப்பரையும் சக்கரத்தின் தேய்மானத்தையும் பார்த்துதான் வாங்கினேன். இரவலும் பழசும் கேட்க வெட்கப்படாதீர்கள். இந்தப் பிள்ளைகளின் சாதனங்கள் தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடுகின்றன.

அரசு வழியில் கிடைப்பதை நான் தாமதமாகத்தான் கேட்டேன், அது முழுக்க என் தப்பு. ஊட்டியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்று தனியாகச் சிறப்பு சக்கர நாற்காலிக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் உபகரணங்கள் உண்டு. அந்தத் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் மறுபடி வாங்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி ஒரு வருடம்தான். இது தெரியாமல் பல பேர் திரும்பக் கேட்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அதை எடுத்த கையோடு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் கேளுங்கள், 2023லிருந்து அது 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, தெரபி செலவுக்கும் கேட்கலாம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். நான் முதல் இரண்டு வருடத்து பில் எதையும் வைத்திருக்கவில்லை. வருமானச் சான்றை இ-சேவையில் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். முகாமில் அளவு எடுக்கும் நாளும் பொருள் தரும் நாளும் ஒன்றாக இருக்காது, இடையில் பிள்ளை வளரும். அதனால் அளவெடுப்பவரிடம் இவன் போன வருடம் எவ்வளவு வளர்ந்தான் என்று நோட்டைக் காட்டுவேன்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். குளிரில் இறுக்கம் கூடும். டிசம்பர், ஜனவரிக் காலையில் என் மகனின் கால் கட்டை மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் கவசத்தைப் போட்டால் போர்தான். நான் காலையில் எழுந்ததும் கவசத்தைப் போர்வைக்குள் அவன் பக்கத்தில் வைத்துவிடுவேன். அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருமாறிவிடும். வெந்நீர்த் துணியால் ஆடுதசைக்கு ஒத்தடம் கொடுத்து, நீவி, அப்புறம் போட்டால் குதிகால் இறங்கும். மழை மாதங்களில் வெல்க்ரோவில் பூஞ்சை வரும், பழைய பல்துலக்கியால் தேய்த்து சுத்தம் செய்யுங்கள். மெத்தைக்கு நான் ஜிப் வைத்து இரண்டு உறை தைத்திருக்கிறேன், ஒன்று துவைத்தால் ஒன்று. காய மூன்று நாள் ஆகிற ஊர் இது.

இப்போது அவனுக்கு எட்டு வயது. சாயங்காலம் நாலரைக்கு ஃபிரேமில் நிற்கிறான். முதலில் ஐந்து நிமிடத்துக்கே ஊரைக் கூட்டுவான், இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது. மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்துவேன், தட்டில் பட்டன் டப்பாவைக் கொட்டிவிடுவேன், நிறம் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. சம்பளம் கேட்கிறான்.

பழைய ஃபிரேம் போன மாதம் போய்விட்டது. பிசியோ மேடம் மூலமாக கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார், மகளுக்குப் பத்து வயது. இலவசமாகவே தருகிறேன், ஆனால் உங்கள் பிசியோ இந்த வகைதான் என்று சொல்ல வேண்டும், அளவும் வேண்டும் என்றேன். அவர்கள் பிசியோ சரி என்றார். அளவு கேட்டேன். "டேப் இல்லையே அக்கா" என்றார். நூல் எடுங்கள் என்றேன். குதிகாலில் ஒரு முனை, முட்டிக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று. வாசக் கதவுக்குத் தனியாக இன்னொரு நூல். இரண்டையும் கவரில் போட்டு, எங்கள் ஊர் வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். மூன்றாம் நாள் கவர் வந்தது. கதவுக்கான நூல் முப்பத்தொரு இஞ்சு இருந்தது. உள்ளே போகும்.